புது விசுவாசிக்கு எது முதலில்: வகுப்பா, கூடப்போக ஓர் ஆளா, வீட்டுக் கூட்டமா?

போன பெந்தெகொஸ்தே ஞாயிறன்று (ஈஸ்டருக்குப் பின் ஏழாவது ஞாயிறு) எங்கள் சபையில் பெரியவர்கள் ஏழு பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஏழு பேரும் முதல் தலைமுறை, அதாவது தங்கள் குடும்பத்தில் முதலில் கிறிஸ்தவரானவர்கள். ஆளுக்கொரு வேதாகமம் கொடுத்து, சால்வை போட்டு, படியில் நிறுத்திப் போட்டோ எடுத்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தேடிப் பார்த்தபோது மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். மற்ற நாலு பேரைப் பற்றி கமிட்டியில் பேச்சு வந்ததும், "பின்வாங்கிப் போயிட்டாங்க" என்றார் ஒருவர். "யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?" என்று போதகர் கேட்டார். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே மூன்று யோசனைகள் வந்தன. வாலிபர் சங்கம் பன்னிரண்டு வார வகுப்பு கேட்டது, புரொஜெக்டரோடு. போதகர், புதியவர் ஒவ்வொருவருக்கும் சபையிலிருந்து ஓர் ஆளைத் துணையாக வைக்கலாம் என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டங்களிலேயே அவர்களைச் சேர்த்துவிடலாம் என்றார்கள். மூன்றையும் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் முதல் தலைமுறை என்பதுதான் காரணம். அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைக் குறைத்துப் பேசுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவம் வேரூன்றியதே பாடம் சொல்லிக்கொடுத்துத்தான். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கிருந்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியார் ஜெபங்களையும், 'விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணத்தையும், பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கவைத்து, கைமணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி, வரிவரியாகச் சொல்லவைத்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சின்னப் புத்தகம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுதான். உள்ளே இருப்பது புதியவர்களுக்கான உபதேசப் பாடம்.

வகுப்பு தருவது ஒழுங்கு. யார் சொல்லிக்கொடுத்தாலும் அதே பத்துக் கட்டளை, அதே விசுவாசப் பிரமாணம். சொல்பவரின் சொந்தச் சரக்கு அதிகம் உள்ளே நுழைய முடியாது. பிரச்சினை எங்கே என்றால், நம்மிடம் இருக்கும் பாடமெல்லாம் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பதினாலு வயதுப் பிள்ளையைத் திடப்படுத்தலுக்கு, அதாவது தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்குக்கு, தயார் செய்ய எழுதியது. தாவீது யார், மோசே யார் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. நாற்பது வயது லாரி டிரைவரை அந்தப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்தோம். கால் மடக்க இடமில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் லூக்கா 16. 'உக்கிராணக்காரன்' என்ற சொல் வந்தது. நடத்தியவர் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவர், எம்.காம். படித்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்டூவர்டு" என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். டிரைவர் தயங்கித் தயங்கி, "கல்யாண வீட்ல உக்கிராண ரூம் சாவி வச்சிருப்பாரே, அவரா சார்?" என்றார். அவரேதான். வரவு செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஆள், அளந்து கொடுப்பவர், வீட்டுக்காரர் இல்லாதபோது கை நீள வாய்ப்புள்ளவர் என்று அந்த உவமை முழுவதும் அவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே திறந்துவிட்டது. நடத்தியவர் "ஆமா, அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். பாடத்திட்டத்தில் டிரைவர் பேசுவதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. ஆறாவது வாரத்தோடு டிரைவர் வரவில்லை. ட்ரிப் இருக்கிறது என்றார். இருந்திருக்கலாம்.

இனி துணை ஆள். இதற்கு ஆங்கிலப் பெயர்கள் நிறைய உண்டு, பெயருக்கு ஒரு செமினார் நடக்கிறது. ஆனால் விஷயம் பழையது. விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல் (பின்னாளில் பவுல்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவர் பர்னபா. அப்பொல்லோ பெரிய பேச்சாளர், ஆனால் யோவானின் ஞானஸ்நானத்துக்கு மேல் தெரியாது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரை ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னும் திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதன் பலம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷத்தில் அப்பா இறந்துவிட்டார். நான் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். வீட்டில் எல்லார் கண்ணும் என் மேல். நான் முடித்த வகுப்பில் மரணத்துக்குப் பின் ஜீவன் என்று ஒரு பாடம் இருந்தது. கொள்ளி பற்றி ஒன்றுமில்லை. அன்று இரவு சபையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார், ரயில்வேயில் வேலை, அவரும் என்னைப்போல் வந்தவர். என்னிடம் பேசுவதற்கு முன்னால் வாசலில் சித்தப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்குச் செய்ற மரியாதையில ஒண்ணும் குறையக் கூடாது தம்பி. குளிப்பாட்டு, தோள் கொடு, செலவை நீ ஏத்துக்கோ. சடங்கு செய்ற இடத்துல மட்டும் உன் தம்பி நிக்கட்டும். அதைக் காலையில சுடுகாட்டுல சொல்லாத, இப்பவே சித்தப்பாகிட்ட கேளு" என்றார். கேட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம்தான். ஆனாலும் முந்தின இரவே, மரியாதையாக, அவரிடம் அனுமதியாகக் கேட்டதால் இறங்கி வந்தார். சுடுகாட்டில் எல்லார் முன்னும் மறுத்திருந்தால் அந்தக் குடும்பத்தோடு எனக்கு இன்றைக்குப் பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

புது விசுவாசி தடுமாறுவது பெரும்பாலும் திரித்துவத்தில் அல்ல. பக்கத்து வீட்டுப் பொங்கலில், அக்கா மகள் சடங்கில், குலதெய்வ வரி கேட்டு வருகிறவரிடம், ஆடிக்கூழ் கொண்டுவந்து நீட்டும் அத்தையிடம். சாப்பிடலாமா கூடாதா? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் இதற்கே மூன்று அதிகாரம் செலவழித்திருக்கிறார், அவ்வளவுக்கும் ஒரு வரியில் முடிகிற பதில் கொடுக்கவில்லை. வகுப்பில் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். அத்தை யார், அவர் மனசு எப்படி, வாங்கி வைத்தால் என்ன அர்த்தம், மறுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்தான் உருப்படியான பதில் சொல்ல முடியும்.

சாதிச் சான்றிதழ் விவகாரமும் இதில்தான் வரும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராகிறவர் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். பிள்ளையின் கல்லூரி சேர்க்கை, வேலை, உள்ளாட்சித் தேர்தலில் நிற்பது எல்லாவற்றையும் இது தொடும். எங்கள் சபையில் இதை ஞானஸ்நானத்துக்கு முன்னால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் ஆள் போய்விடுவார் என்ற பயம். பிறகு தாசில்தார் அலுவலக வாசலில் அவராகத் தெரிந்துகொள்ளும்போது, நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

துணை ஆள் முறையின் ஆபத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தாயார் தன் பொறுப்பில் இருந்த பெண்ணிடம் முதல் வாரத்திலேயே வளையலையும் கம்மலையும் கழற்றச் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டில், புருஷன் உயிரோடு இருக்கும்போது வளையல் கழற்றினால் என்ன அர்த்தமென்று யோசிக்கவில்லை. இன்னொருவர், விசுவாசம் இருந்தால் பிரஷர் மாத்திரை எதற்கு என்று கேட்டார். மூன்றாமவர் ஜெபம் பண்ணி முடித்ததும் மாதச் சீட்டில் சேரச் சொன்னார். தனி ஆள் கையில் ஒரு புது ஆளைக் கொடுப்பது, சாவியைக் கொடுப்பது மாதிரி. திரும்பவும் அந்த உக்கிராணக்காரன் கதைதான்.

அப்புறம் அந்தக் கேள்வி. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பழைய விசுவாசி ஒருவர் சிரித்த முகத்தோடு, "நீங்க எந்த ஊர் பக்கம்? அங்க யாரு?" என்பார். கேட்பவருக்கு அது விசாரிப்பு. கேட்கப்படுகிறவருக்கு அது என்ன கேள்வி என்று நன்றாகத் தெரியும். எந்தச் சாதிக்காரரை யாருக்குத் துணையாக வைப்பது என்று கமிட்டியில் ஒருவர் மெதுவாக இழுத்தபோது, எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: துணையாக இருப்பவர், அந்தப் புதியவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பெயர் பட்டியலில் வேண்டாம். இரண்டு பெயர்கள் தாமாகவே விலகின.

வகுப்பா, ஆளா என்று நாம் இரண்டாகப் பிரிப்பதே பிற்காலத்துப் பழக்கம். ஆதிச் சபையின் ரோமப் போதகர் இப்போலித்துவின் பெயரால் வழங்கும் பழைய சபை ஒழுங்கு, ஞானஸ்நானத்துக்கு முன்னால் மூன்று வருஷம் வசனம் கேட்க வேண்டும் என்கிறது. அதோடு, அவரை அழைத்துவந்தவர் சாட்சி சொல்ல வேண்டும்: இவர் விதவைகளைக் கனம் பண்ணினாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று விசாரிக்கிறார்கள். என்ன படித்தார் என்பதற்கு வகுப்பு, எப்படி இருக்கிறார் என்பதற்குக் கூட இருந்த ஆள். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலகப் பேராயர்கள் கூட்டத்துக்குப் பிறகு 1972இல் இந்தப் படிமுறையை மறுபடி கொண்டுவந்தது. படிப்படியாகத் தயாரித்து பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு) திருமுழுக்குக் கொடுத்து, அதற்குப் பின்னும் சில வாரம் கூடவே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் 'பின்னும்' என்பதுதான் இல்லை. போட்டோ எடுத்ததோடு சரி. ஞானத்தகப்பன் என்றால் மோதிரம் போடுபவர் என்று அவர்களிடமும் ஆகிவிட்டது உண்டு, அது வேறு கதை.

மூன்றாவது, வீட்டுக் கூட்டம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சிறு குழுக்கள் 1742இல் பிரிஸ்டலில் ஆரம்பித்த கதை எனக்குப் பிடிக்கும். ஆராதனைக் கட்டடத்துக்குக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுவீடாகப் போய் வாங்கட்டும் என்று ஏற்பாடு. போனவர்கள் வந்து, இன்ன வீட்டில் குடிச் சண்டை, இன்ன வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொன்னார்கள். கடன் வசூலுக்குப் போட்ட வலை மேய்ப்புக்கு உதவியது. கொரியாவின் சியோலில் போதகர் யோங்கி சோ 1964இல் உடம்பு விழுந்தபின் சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்தபோது ஆண்கள் தயங்கினார்கள், பெண்கள்தான் எடுத்து நடத்தினார்கள். எங்கள் ஊரிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடப்பது பெண்களால்தான். பாட்டு, ஒரு வசனம், சுண்டல், பேச்சு. தனிமையில் இருக்கும் ஒரு புதுப் பெண்ணுக்கு அந்தச் சுண்டல் நேரம் பெரிய விஷயம்.

ஆனால் யாரால் வர முடியும்? மாமியாரும் கணவரும் ஒப்புக்கொள்ளாத வீட்டுப் பெண், சாயங்காலம் ஏழு மணிக்கு வேதாகமத்தோடு தெருவில் நடக்க முடியுமா? ஒருவர் வேதாகமத்தை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார், அரிசி அளக்கும்போது இரண்டு வசனம். வீட்டில் நாலு பேர் கூடிப் பாடினாலே புகார் கொடுக்க ஆள் இருக்கும் காலம் வேறு. இன்னொன்று, ஜெபக் குறிப்பு. "என் வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்கோங்க, வேற ஒரு பழக்கம்" என்று ஒரு பெண் அழுது சொன்னது, ஞாயிற்றுக்கிழமைக்குள் டீக்கடை வரை வந்துவிட்டது. அவர் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. பழகின கூட்டத்துக்கு ரகசியம் காக்கும் பயிற்சி இல்லையென்றால் புதியவரை அதில் விடக் கூடாது.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டார்கள். சூரிய உதயப் படத்தோடு தினம் ஒரு வசனம் அனுப்புவது வேண்டாமென்று சொல்ல மாட்டேன். அதைச் சீஷத்துவம், அதாவது ஆளை சீஷராக வளர்ப்பது, என்று கணக்கில் எழுத வேண்டாம்.

எதை முதலில் வைப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் தனியாக வந்தவரா, கூட்டமாக வந்தவரா?

தெருவாக, குடும்பங்களாக வருகிறவர்களுக்குக் குழுவே முதல். திருநெல்வேலிச் சீமையில் அதுதான் நடந்தது. 1799இல் துன்புறுத்தலுக்கு ஆளான புதுக் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி முதலூர் உருவானது. அந்த மாதிரி ஊர்களில் கோவிலும் பள்ளிக்கூடமும் உபதேசியாரும் ஒரே இடத்தில். அண்டை வீட்டாரும் அதே நிலையில் இருந்ததால் தனியாக ஒரு துணை தேவைப்படவில்லை, ஊரே துணை. அந்த ஜில்லாவின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானபோது, அங்கத்திய கிராமங்களில் மாலா, மாதிகா என்ற தலித் சாதி மக்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் கிராம ஆசிரியர்களை வைத்துத்தான் சமாளித்தார். இன்னொன்றும் செய்தார்: புதியவர்களைத் தங்கள் தலையில் கையை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைத்தார். வந்த அன்றே, கற்றுக்கொள்பவர் மட்டுமல்ல, சொல்பவரும் நீதான் என்றாகிவிடுகிறது. எங்கள் டிரைவருக்கு உக்கிராணக்காரனைப் பற்றிப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தனியாக வந்தவருக்கு அந்த ஊர் கிடையாது. அவர் ஞாயிறு இரண்டு மணி நேரம் நம்மோடு இருந்துவிட்டு மீதி நூற்றறுபத்தாறு மணி நேரமும் பழைய வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஆள்தான் முதல். வகுப்பு இரண்டாவது. அதுவும் துணை ஆளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு. அப்படிச் செய்தால் கம்மல் உபதேசங்கள் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டுக் கூட்டம் ஆறு மாதம் கழித்து, அவராக வர விரும்பினால்.

கமிட்டி இதை அப்படியே ஏற்கவில்லை. பன்னிரண்டு வாரம் எட்டாகியது, திடப்படுத்தல் பிள்ளைகளிடமிருந்து பிரிந்தது, புரொஜெக்டர் போனது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி 'துணையாளர் பஸ் செலவு' என்று கணக்கில் ஏறியது. பொருளாளருக்கு இதில் இன்னும் வருத்தம். ஒரு துணையாளருக்கு இரண்டு பேருக்கு மேல் பொறுப்பு கிடையாது, பெண்ணுக்குப் பெண்ணே, கொடுக்கல் வாங்கல் கூடாது, மருந்து விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது, துணையாக இருக்கும் காலம் ஒன்றரை வருஷம். செங்கல் சூளைத் தெருவிலிருந்து சேர்ந்து வரும் மூன்று குடும்பங்களுக்கு மட்டும் அவர்கள் தெருவிலேயே கூட்டம், நாங்கள் அங்கே போவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வராத நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. நானும் போதகரும் இதுவரை இரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். டிரைவர் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போகிறாராம், அங்கே பெஞ்ச் இல்லை, பாய்தான் என்று சிரித்தார். இன்னொருவர் மில்லில் வேலை பார்க்கும் பெண். ஷிப்ட் மாறி ஞாயிற்றுக்கிழமையும் வேலை, வாரம் முழுக்க நைட். நாங்கள் பின்வாங்கியவர் என்று எழுதிவைத்திருந்தவர் யோவான் சுவிசேஷத்தை இரண்டு தரம் முடித்திருந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ரேஷன் கார்டு உறை பின்புறம் கேள்விகளை எழுதி வைத்திருந்தார், பதினொன்று.

துணையாளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த கோட்டில் இப்போது பென்சிலால் ஒரு பெயர் இருக்கிறது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், காலை ஆறரைக்கு மில் பஸ் நிற்கும் இடத்துக்குத் தன்னால் வர முடியும் என்கிறார். பேனாவால் எழுதுவதற்கு முழங்கால் ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.